சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட ஜெபம்

1

வாசகரே, உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன், நடுவராக அல்ல. நடுவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். பன்னிரண்டு வயது முதல் அவர்களுடைய புருவங்களைப் பார்த்துப் பேசிப் பழகியவன் நான். எந்த வாக்கியத்தில் அவர்கள் என் பக்கம் சாய்வார்கள் என்பதை முன்கூட்டியே கணித்து, அந்த இடத்தில் குரலைத் தாழ்த்தத் தெரிந்தவன். நீங்கள் நடுவராக அமர்ந்தால் என்னையறியாமலே உங்களை வெல்ல முயல்வேன். சாட்சியை அப்படி வெல்ல முடியாது. கேட்டதைக் கேட்டபடி நினைவில் வைத்திருந்தால் போதும். அதுவே நீங்கள் எனக்குச் செய்யும் உதவி.

நாங்கள் பாளையங்கோட்டையை விட்டு மலேசியாவின் இந்த நெகிரி செம்பிலான் மாநிலத்துக்கு வந்து இன்றோடு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இன்று சனிக்கிழமை. நாளை தம்பினில் எங்கள் சிறிய சபையில் ஆராதனை. நடுவே சாட்சி நேரம் வரும். சபையார் ஒவ்வொருவராக எழுந்து, கடவுள் தங்களுக்குச் செய்த நன்மையைச் சொல்லி அமரும் நேரம் அது. சென்ற மாதம் அதே நேரத்தில் எழுந்து நான் ஒன்றைச் சொன்னேன். சபை கண்ணீர் விட்டது. நாளை அது பொய் என்று சொல்ல வேண்டும். இரவு விடிவதற்குள் மனம் மாறிவிடாதபடி உங்களிடம் முதலில் சொல்லிவிடுகிறேன்.

2

தம்பினிலிருந்து கெமாஸ் போகும் சாலையில் ஒரு செம்பனைத் தோட்டம்; எண்ணெய்ப்பனையை இங்கே அப்படிச் சொல்கிறார்கள். அதன் எண்ணெய் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாதிரி எடுத்து, அதன் புளிப்பை அளந்து, எண்ணைத் தாளில் குறிக்க வேண்டும். அந்த வேலைக்கு நாக்கு தேவையில்லை. கல்லூரிக் காலத்தில் மாவட்டம் மாவட்டமாகப் போய்ப் பேச்சுப் போட்டிக் கோப்பைகள் வாங்கி வந்தவனுக்கு எட்டு மணி நேரம் மௌனம் என்பது எத்தனை பெரிய தண்டனை என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஊரில் எனக்குப் பேச்சும் பக்தியும் ஒன்றாகவே வளர்ந்தன. வாலிபர் ஞாயிறன்று முதன்முதலாகப் பிரசங்க மேடையில் ஏறியபோது எனக்கு வயது பதினைந்து. இறங்கியதும் பெரியவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு, “தம்பி, கர்த்தர் ஒனக்கு நல்ல நாக்கக் குடுத்திருக்காரு” என்றார்கள். அன்றிலிருந்து விசுவாசத்தைப் பகிர்வது என்றால் நன்றாகப் பேசுவது என்றே எண்ணிக்கொண்டேன். இன்னொரு பழக்கமும் அங்கே ஒட்டிக்கொண்டது. எங்கள் பக்கத்தில் யாராவது கஷ்டத்தைச் சொன்னால், “ஜெபிச்சுக்கிடுதேன்” என்போம். பரீட்சைக்கு, பிரசவத்துக்கு, தொலைந்த மாட்டுக்கு, எல்லாவற்றுக்கும். சொல்லிவிட்டுச் சிலர் உண்மையாகவே ஜெபிப்பார்கள். பலருக்கு அது விடைபெறும் வார்த்தை. நான் எந்த வகையைச் சேர்ந்தவன் என்று ஊரில் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

தோட்டத்தில் எங்களுக்குக் கிடைத்த வீடு பழைய இரட்டை வீட்டில் ஒரு பாதி. நடுச்சுவர் இடுப்பளவு செங்கல். அதற்கு மேல் பலகை. இந்தப் பக்கம் நானும், என் மனைவி மெர்சியும், நான்கு வயது மகள் ஜெனியும். அந்தப் பக்கம் பூங்காவனம் அக்கா. கணவர் இறந்துவிட்டார், ஒரே மகன் ஜொகூரில் லாரி ஓட்டுகிறான். ஐம்பத்தெட்டு வயதிலும் தோட்டத்து நாற்றுப் பண்ணையில் செம்பனைக் கன்றுகளுக்கு மண் நிரப்பும் வேலைக்குப் போய்வந்தார். வீட்டு வாசலில் ஒரு சிறிய சூலம், மஞ்சள் துணி, வெள்ளிக்கிழமை தோறும் கற்பூரம். எங்கள் வாசலில் சிலுவை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எங்கள் இரு வீட்டுக்கும் பொதுவான தண்ணீர்க் குழாய் இருந்தது.

3

அக்கா எனக்குச் செய்த ஒன்றை முதலில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் என் குற்றத்தின் எடை உங்களுக்குத் தெரியாது.

சென்ற ஆண்டு என் வேலை அனுமதியைப் புதுப்பிக்கச் சிரம்பானில் உள்ள குடிநுழைவு அலுவலகத்துக்குப் போனோம். அது எங்களுக்கு மூன்றாவது தடவை. முதல் தடவை ஒரு கடிதம் குறைந்தது. இரண்டாம் தடவை கடிதம் இருந்தது, அதில் முத்திரை இல்லை. மூன்றாம் தடவை வேறொரு சிக்கல். கடவுச்சீட்டில் என் பெயருக்குப் பின்னால் என் தந்தையின் பெயர். ஜெனியின் பெயருக்குப் பின்னால் என் பெயர். குடும்பப் பெயர்கள் பொருந்தவில்லையே, இந்தக் குழந்தை யாருடையது என்று கேட்டார் முகப்பில் இருந்த அதிகாரி. நான் என் தரத்துக்கேற்ற ஆங்கிலத்தில், தமிழரின் பெயரிடும் மரபை மூன்று கூறுகளாகப் பிரித்து விளக்கத் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தி, “பெலான் பெலான்” என்றார். மெதுவாகப் பேசு என்று பொருள். என் வாழ்நாளில் என்னை யாரும் அப்படிச் சொல்லி நிறுத்தியதில்லை.

எங்களுக்குத் துணையாக ஒரு நாள் விடுப்பெடுத்து வந்திருந்த அக்கா, அதுவரை பின்னால் நாற்காலியில் ஜெனிக்கு முறுக்கு ஒடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்தார். தம் அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். பூங்காவனம், அடுத்து இன்னாரின் மகள் என்பதற்கான குறி, அடுத்து அவருடைய தந்தையின் பெயர். அதில் விரலை வைத்து, பிறகு ஜெனியின் கடவுச்சீட்டில் விரலை வைத்து, மலாயில் நான்கே வார்த்தை சொன்னார். அதிகாரி சிரித்துவிட்டார். முத்திரை விழுந்தது.

திரும்பும் வழியில் ராசா என்ற இடத்தில் இறங்கித் தோசை சாப்பிட்டோம்.

“அக்கா, நீங்க மட்டும் இல்லன்னா...” என்று தொடங்கினேன்.

“அட, சும்மா தின்னு தம்பி. நீ பேசுறதுக்குள்ள கடைய சாத்திருவான் லா” என்றார், இந்த ஊர்ப் பேச்சுக்கே உரிய ‘லா’வோடு.

மெர்சி சிரித்த சிரிப்பில் சட்னி சிந்தியது.

4

இந்த ஆண்டு சிரம்பானில் ஒரு தமிழ் மன்றம் பட்டிமன்றம் நடத்தப்போவதாகச் சொல்லி என்னை அழைத்தது. குடும்ப மகிழ்ச்சிக்குப் பெரிதும் காரணம் கணவனா, மனைவியா என்பது தலைப்பு. நான் கணவன் அணி. தலைப்பைக் கேட்டு நீங்கள் முகம் சுளிக்கலாம். எனக்கோ மூன்று ஆண்டுப் பட்டினிக்குப் பிறகு கிடைத்த விருந்து. காலை ஐந்தரை மணிக்கு எழுந்து, நடுச்சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியின் முன் நின்று, வேலைக்குப் போகும்வரை குரல் எழுப்பிப் பயிற்சி செய்தேன். ஏற்றம், இறக்கம், இடைவெளி, மீண்டும் ஏற்றம்.

அதே வாரத்தில்தான் அக்காவின் வலது காலில், கட்டை விரலுக்கு அருகே, செம்பனை மட்டையின் முள் ஏறியது. அவருக்கு இனிப்புநீர் உண்டு. நம் ஊரில் சர்க்கரை வியாதி என்பதற்கு இங்கே அதுதான் பெயர். குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

“தம்பி, கிளினிக்குல வர்ற புதன்கெழம வரச் சொல்லிருக்கான். எனக்குப் பயமா இருக்கு. ஒன் சாமிகிட்ட எனக்காக ஒரு வார்த்த சொல்லு.”

“கட்டாயம் ஜெபிக்கிறேன்கா” என்றேன்.

வாசகரே, அன்று இரவு படுக்கையில் அரைத் தூக்கத்தில் அவர் பெயரை ஒருமுறை நினைத்ததாக ஞாபகம். நினைத்தேன் என்று உறுதியாகச் சொல்லவும் என்னால் முடியவில்லை.

நான்கைந்து நாள் கழித்து அதே குழாயடியில் என்னை நிறுத்தினார். கண்கள் கலங்கியிருந்தன.

“தெனமும் எனக்காக இம்புட்டு நேரமா கேக்குறியே தம்பி! அஞ்சரைக்கு ஒன் சத்தம் ஆரம்பிச்சதும் நானும் எந்திரிச்சு, செவுத்துல சாஞ்சு உக்காந்துக்கிறேன். என்னா சொல்றேன்னு வெளங்கல, பலகை தடுக்குது. ஆனா கெஞ்சுறது தெரியுது. கோவிச்சுக்கிறதும் தெரியுது. பெத்த மகன்கூட எனக்காக அப்புடிக் கேக்க மாட்டான்.”

கெஞ்சியது நான்தான், கணவனுடைய தியாகத்தை ஒப்புக்கொள்ளும்படி மனைவி அணியிடம் கெஞ்சினேன். கோபித்துக்கொண்டதும் நான்தான். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண், புண்ணான காலை நீட்டி, கைகூப்பி, அதைத் தமக்கான ஜெபம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

உண்மையைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியம் என் வாயில் இருந்தது. ஆனால் அவருடைய முகத்தில் இருந்த மரியாதையைப் பார்த்தேன். எந்த மேடையிலும் எந்த நடுவரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. நான் தலையைத் தாழ்த்திக்கொண்டேன். பணிவு என்று அவர் எண்ணும்படியாக.

வீட்டுக்குள் மெர்சி நின்றுகொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருந்தாள்.

“அக்காட்ட சொல்லிருங்க.”

“பட்டிமன்றம் முடியட்டும்.”

“அது எதுக்கு முடியணும்? இல்லன்னா ஒண்ணு செய்யுங்க. நாளைலருந்து அஞ்சரைக்கு நெசமாவே ஜெபம் பண்ணுங்க. பொய் உண்மையாயிரும்லா.”

எவ்வளவு எளிய வழி! அதையும் நான் செய்யவில்லை. இரண்டாம் சுற்றுக்கான மறுப்புரை இன்னும் எனக்கு மனப்பாடமாகவில்லை.

5

அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில் எழுந்தேன். திட்டமிட்டு எழவில்லை என்று சொல்லிக்கொள்ள ஆசை. ஆனால் முதல் வாக்கியம் என்னிடம் தயாராக இருந்தது. “எங்கள் வீட்டில் ஒரு சுவர் இருக்கிறது” என்று தொடங்கினேன். சபை நிமிர்ந்தது. கிறிஸ்துவை அறியாத ஒரு தாய், அந்தச் சுவரில் சாய்ந்து, அதிகாலை தோறும் என் ஜெபத்தைக் கேட்டுக்கொண்டிருப்பதைச் சொன்னேன். நாம் வீதிக்குப் போய் அறிவிக்க வேண்டியதில்லை, நம் வீட்டு ஜெபமே அடுத்த வீட்டுக்குப் பிரசங்கம் என்று முடித்தேன். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். பாஸ்டர் எழுந்து வந்து என் தோளைத் தட்டினார்.

மனிதர் கேட்க வேண்டும் என்று ஜெபிப்பவர்களைக் கண்டித்து நான் பல முறை பேசியிருக்கிறேன். அவர்களாவது ஜெபித்தார்கள்.

அன்று மாலை வீட்டு ஜெபத்தில் நான் ஐந்தாவது நிமிடத்தைத் தாண்டியதும் ஜெனி கண்ணைத் திறந்து, “லாமா லா, அப்பா” என்றாள். பாலர் பள்ளிக்குப் போகத் தொடங்கியதிலிருந்து அவளுக்குப் பாதி மலாய். நீண்ட நேரம் ஆகிறது என்கிறாள். ஜெபத்தின் நடுவே பேசக் கூடாது என்று அதட்டினேன். “நீங்க யார்ட்ட பேசுறீங்க?” என்று கேட்டாள். பிள்ளை ஊர்ப் பழக்கங்களை மறந்துகொண்டே போகிறாளே என்று மெர்சியிடம் குறைபட்டேன். மெர்சி பாயைச் சுருட்டினாள்.

6

மூன்று வாரம் சென்றது. ஒரு திங்கட்கிழமை முற்பகல், ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது மெர்சி அழைத்தாள். அக்கா வேலைக்குப் போகவில்லை, கதவைத் தட்டினால் முனகல் மட்டும் கேட்கிறது என்றாள். காரை எடுத்துக்கொண்டு ஓடினேன். அக்காவுக்கு நெருப்பாகக் காய்ச்சல். காலில் சுற்றியிருந்த துணியை மெர்சி அவிழ்த்தாள். வாடை அறை முழுவதும் பரவியது. இரண்டு விரல்கள் கறுத்திருந்தன.

மருத்துவமனையில் காட்ட வேண்டுமே என்று தலையணைக்கு அடியில் இருந்த கிளினிக் அட்டையை எடுத்தேன். மூன்று புதன்கிழமைகள் குறிக்கப்பட்டிருந்தன. மூன்றுக்கும் எதிரே கட்டம் காலியாக இருந்தது.

சிரம்பான் நோக்கிப் போகும் காரில், பின் இருக்கையில் மெர்சியின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தவரிடம் கேட்டேன்: “ஏன்கா போகல? ஒரு நாளுகூடப் போகலயே?”

“நீதான் தெனமும் கேக்குறியே தம்பி” என்றார். “அதான் போகல.”

கண்ணாடியில் மெர்சியின் கண்கள் என்னைப் பார்த்தன. நான் சாலையைப் பார்த்தேன். பாதையின் இருமருங்கும் செம்பனை, வரிசை வரிசையாக, முடிவே இல்லாமல். ஐந்தரை மணிக் குரலின் எந்த ஏற்றமும் இறக்கமும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

செவ்வாயன்று அந்த இரண்டு விரல்களையும் எடுத்துவிட்டார்கள். ஜொகூரிலிருந்து மகன் வந்தான்; இரண்டு நாள் இருந்துவிட்டு, லாரி நிற்கிறதே என்று போனான். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “அண்ணே, அம்மாவுக்காக நீங்க தெனமும் ஜெபிக்கிறதா சொல்லுச்சு. ரொம்ப நன்றிண்ணே” என்றான். அவனிடமும் நான் ஒன்றும் சொல்லவில்லை. பட்டிமன்றத்துக்கு மட்டும் வர இயலாது என்று தகவல் அனுப்பினேன். அதைப் பரிகாரம் என்று நீங்கள் எண்ண வேண்டாம். அதற்குள் எனக்குக் குரல் எழும்பாமல் போயிருந்தது.

7

நேற்று மாலை பார்வை நேரத்தில் அக்காவின் கட்டிலருகே இருந்தேன். எங்கள் சபைச் சகோதரி ஒருவர் ரொட்டியும் பழமும் கொண்டு வந்தார். நல்ல மனம் படைத்தவர். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு மகிழ்ச்சியோடு கேட்டார்:

“அந்தச் சொவத்துல சாஞ்சு தம்பியோட ஜெபத்தக் கேக்குற அம்மா நீங்கதானா? தம்பி சாட்சி சொன்னப்ப சர்ச்சே அழுதிச்சு!”

அக்கா என்னைப் பார்த்தார். சகோதரி போன பிறகு கேட்டார்.

“என்னையப் பத்திச் சர்ச்சுல சொன்னியா?”

“சொன்னேன்கா.”

“நான் குந்தியிருந்தது, கும்புட்டது எல்லாம்?”

“ஆமா.”

“ஒன்கிட்ட மட்டுந்தான தம்பி சொன்னேன்.”

இதற்கு மேல் மறைக்க என்னால் முடியவில்லை. “அக்கா, அது ஜெபம் இல்ல” என்றேன். “காலைல நீங்க கேட்டது ஜெபம் இல்ல. பட்டிமன்றத்துக்குப் பேசிப் பாத்தேன். உங்களுக்காக நான் ஜெபிக்கவே இல்ல.”

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள்.

“என்னா பேசுன?”

“குடும்பத்துல சந்தோஷம் புருஷனாலயா, பொண்டாட்டியாலயான்னு...”

“நீ எந்தப் பக்கம்?”

“புருஷன் பக்கம்.”

அக்காவின் வயிறு குலுங்கியது. அழுகிறார் என்று பயந்தேன். சிரித்தார். பிறகு உண்மையாகவே அழுதார். “புருஷன் பக்கம் பேசுனதையா நான் கைகூப்பிக் கேட்டேன்? செத்துப்போன அந்தக் குடிகாரன் கேட்டா எந்திரிச்சு வந்துருவான் லா.”

“என்னாலதான்கா கிளினிக்குப் போகாம இருந்தீங்க.”

“அப்புடிச் சொல்லாத. நான் பயத்துலதான் போகல. ஒன் சத்தம் கேட்டா பயம் கொறஞ்சிச்சு. பயம் கொறஞ்சதும், நாளைக்குப் போலாம், நாளைக்குப் போலாம்னு ஆயிருச்சு.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஒன்மேல முழுசாப் போடல. ஆனா ஒண்ணுமில்லன்னும் சொல்ல மாட்டேன்.”

இதைவிடச் சரியான தீர்ப்பை நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை.

“சரி, இப்பச் சொல்லு” என்றார்.

“என்னக்கா?”

“ஜெபம். இப்ப சொல்லு. நான் கேக்குறேன்.”

கண்ணை மூடினேன். வானத்தையும் பூமியையும் படைத்தவரே என்று தொடங்கினேன். அக்கா என் முழங்கையைத் தட்டினார்.

“தம்பி, மொதல்ல என் பேரச் சொல்லு. யாருக்குன்னு சாமிக்குத் தெரிய வேணாமா?”

அதன் பிறகு எனக்கு வந்த சொற்கள் இவ்வளவுதான்: “ஆண்டவரே, இது பூங்காவனம் அக்கா. கால் வலிக்குது. ரொம்பப் பயப்படுறாங்க. நான் ஏமாத்திட்டேன். இவங்களக் கைவிடாதீங்க.” அதற்கு மேல் ஒரு வாக்கியமும் இல்லை. என் நாக்கு முதன்முறையாக வெறுங்கையோடு நின்றது. ஆமென் என்றேன்.

“அம்புட்டுதானா?”

“அம்புட்டுதான்கா.”

“இது செவுத்துக்கு அந்தப் பக்கம் கேக்காதே லா” என்றார். பிறகு, சிரிப்பு மறைந்த குரலில்: “சர்ச்சுல சொன்னியே, அத யாரு அழிக்கிறது? அங்க உக்காந்திருக்கவங்க மனசுல நான் ஒன் சாமியக் கும்புட்டுக்கிட்டுல்ல குந்தியிருக்கேன்.”

பார்வை நேரம் முடிந்ததென்று தாதி வந்து நின்றார். நான் எழுந்தேன். அக்காவும், தாதியும், இருமிக்கொண்டிருந்த பக்கத்துக் கட்டில்காரரும் கேட்க, மேடையில் ஒருபோதும் பேசியிராத குரலில் சொன்னேன்:

“ஞாயித்துக்கெழம அதே எடத்துல எந்திரிச்சு, அது ஜெபம் இல்ல, நான் பொய் சொன்னேன்னு சொல்றேன்கா. உங்க பேர எடுக்க மாட்டேன். கதையாவும் சொல்ல மாட்டேன். சொல்லிட்டு ஒக்காந்துருவேன். நீங்க வீட்டுக்கு வந்தப்புறம் புதன்கெழம தோறும் கட்டு மாத்த நானே கூட்டிட்டுப் போறேன். அஞ்சரைக்கு எந்திரிச்சா, கண்ணாடி முன்னால நிக்க மாட்டேன். உங்க கதவத் தட்டி, காலப் பாத்துட்டு, உங்க பேரச் சொல்லி, உங்க முன்னாலயே ஜெபிக்கிறேன்.”